ஆலிக்கோயாவின் ஆமா

ஆலிக்கோயாவின் முகத்தைப் பார்த்திராதவர்களும் அவர் குரலைக் கேட்டிருப்பார்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டம் தொடங்கிவிட்டால், கொண்டோட்டி முதல் முக்கம் வரை ஜீப்பின் தலையில் இரண்டு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, இன்று எந்த மைதானத்தில் யாருக்கும் யாருக்கும் ஆட்டம் என்று ஊர் ஊராக அறிவித்துக்கொண்டே போவது அவர் தொழில். "அன்பான கால்பந்து ரசிகர்களேஏஏ" என்று அவர் இழுத்தால் போதும், பரோட்டாக் கடையில் மாவு வீசுகிறவன் கை அப்படியே நிற்கும். மாலையில் மைதானத்தில் வர்ணனையும் அவர்தான். கோல் விழாத மந்தமான ஆட்டத்தையும் வாயாலேயே ஓட வைத்துவிடுவார்.

வீட்டிலும் அதே வாய்தான். கோழிக்கோட்டில் குற்றிச்சிறைக் குளத்துக்குப் பின்னால் மனைவி மறியம்பியின் வீட்டில் இருந்தார் அவர். அங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவது. தலை நரைத்துப் பேரன் பேத்தி எடுத்தாலும் அந்த வீட்டுக்கு அவர் 'புதியாப்பிள', புது மாப்பிள்ளைதான். சட்டியில் மத்தி மீன் பொரிவதற்குக்கூட அவர் வர்ணனை சொல்வார். "கொஞ்ச நேரம் வாயை மூடினீங்கன்னா என் ரெண்டு காதும் உங்களுக்காக துஆ செய்யும்" என்பாள் மறியம்பி.

அந்த வாய் ஒரு நாள் மாவூர் தாண்டி ஒரு வளைவில் பாதிச் சொல்லில் நின்றுபோனது. ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த சாமிக்குட்டி, மைக்தான் மக்கர் செய்கிறது என்று நினைத்தார். "என்ன ஆலிக்கா, பேட்டரி போச்சா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினால், ஆலிக்கோயாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மைக் மடியில் கிடந்தது. சாமிக்குட்டி ஜீப்பை அங்கேயே திருப்பி, நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு விட்டார். அதனால்தான் உயிர் தங்கியது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

உயிர் தங்கியது. வலது கையும் காலும் பாதி வேலைநிறுத்தம் செய்தன. பேச்சு போய்விட்டது. பிறர் சொல்வதெல்லாம் புரிந்தது, தான் சொல்ல நினைப்பதும் உள்ளே தெளிவாக இருந்தது. வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல் எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தது.

ஆமா.

எதைச் சொல்லப் போனாலும் அதுதான் வந்தது. அது மட்டுமா, அந்தச் சொல் வரும்போது தலையும் கூடவே ஆடியது, இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல.

"கஞ்சி குடிக்கிறீங்களா?" என்று கேட்பாள் மறியம்பி.

கஞ்சியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவர் அரிசிமாவில் சுடும் பத்திரி ஆள். தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பு ஆள். "ஆமா" என்றார். கஞ்சி வந்தது. மறுநாளும் வந்தது. அவர் ஆசையாகக் கேட்கிறார் என்று அவள் அக்கம் பக்கத்தில் சொல்லி, பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு கிண்ணம் வந்தது.

"ஃபேனை நிறுத்தட்டுமா?" ஆமா. வேர்த்துக்கொண்டு கிடந்தார். "தூக்கம் வருதா?" ஆமா. விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "பரவாயில்லையே, நல்லாப் பதில் சொல்றாரே" என்று சந்தோஷமாகப் போனார்கள். ஆலிக்கோயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார். முகம் மழிக்கவும் விடவில்லை. சாமிக்குட்டி வந்து செவன்ஸ் செய்தி சொன்னால் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு ஆண் பிள்ளைகளும் வேறு வேறு வீட்டுக்குப் புதியாப்பிளையாகப் போனவர்கள். வாரம் ஒரு முறை வந்து, உப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள். பெரிய குடும்ப வீட்டைப் பங்கு பிரித்து மிஞ்சிய அந்தச் சின்ன வீட்டில் மறியம்பி ஒற்றையாளாக அவரை எழுப்பினாள், குளிப்பாட்டினாள், ஊட்டினாள். அவளுக்கே முட்டி வலி. அவள் முனகாமல் நிமிர்ந்து அவர் பார்த்ததில்லை. "உனக்கு வலிக்குது, போய் உக்காரு" என்று சொல்ல வாயெடுப்பார். "ஆமா" என்று வரும். "என்ன ஆமா, இன்னும் தண்ணியா?" என்று அவள் மறுபடி ஒரு சொம்பு எடுத்து ஊற்றுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் இடியங்கரையிலிருந்து ஆலிக்கோயாவின் அக்கா ஆமினாபி வந்தாள். உம்மா இறந்தபின் அவரை வளர்த்தவள். மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடும் பெண். பால் விடாத சுலைமானித் தேநீரைக் கையில் வாங்கியதும் பேச்சைத் தொடங்கினாள்.

"மறியம்பி, நீ ஒத்த ஆளு. இப்படியே போனா இவனுக்கு முன்னாடி நீ படுத்துருவே. எங்க வீட்டுல எளந்தாரிப் பசங்களே நாலு பேரு இருக்கானுங்க. தூக்கி உக்கார வைக்கறதுக்கும் நடத்திக் கூட்டிப் போறதுக்கும் ஆளுக்குப் பஞ்சமில்ல. அவன் பொறந்த வீடுதானே. கூட்டிட்டுப் போயிடறேன்."

மறியம்பி பலகாரத் தட்டை எடுத்து வைத்தாள். ஆமினாபி தம்பியின் பக்கம் திரும்பினாள். "என்னடா ஆலி, நம்ம வீட்டுக்கு வந்துடறியா?"

முடியாது என்று சொல்லத்தான் ஆலிக்கோயா வாயைத் திறந்தார். "ஆமா."

மறியம்பியின் கை பலகாரத் தட்டில் அப்படியே நின்றது.

அவர் பதறிப்போனார். இடது கையை வீசினார். அது இல்லை, அது இல்லை என்று உள்ளே கத்தினார். "ஆமா! ஆமா! ஆமா!" என்று வெளியே வந்தது. தலை வேகவேகமாக ஆடியது.

"பாத்தியா, எவ்வளவு ஆசை எம்புள்ளைக்கு!" என்று ஆமினாபி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு இஷ்டம்னா தடுக்கறதுக்கு நான் யாரு" என்றாள் மறியம்பி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "பெருநாள் கழியட்டும் இத்தாத்தா. அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

அன்றிலிருந்து அவள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள், ஆனால் பேசவில்லை. அவர் சட்டைகளைத் துவைத்து மடித்து ஒரு பையில் அடுக்கத் தொடங்கினாள். ஆலிக்கோயா இடது கையால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். "அந்த நீலச் சட்டையத் தேடறீங்களா? அதையும் வெச்சிட்டேன்" என்று சொல்லி எல்லாவற்றையும் மறுபடி மடித்து வைத்தாள்.

கை காலுக்குப் பயிற்சி கொடுக்கக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. முன்பு கொப்பரை அடைத்து வைத்த பண்டகசாலை. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அதைச் சுத்தம் செய்து, விழுந்துபோனவர்களை எழுப்பி நடக்க வைக்கிற இடமாக ஆக்கியிருந்தார்கள். எவ்வளவு கழுவியும் தேங்காய் எண்ணெய் வாசம் போகவில்லை. சாமிக்குட்டி அவரை ஜீப்பில் அங்கே கூட்டிப்போவார். முன்பெல்லாம் மறியம்பியும் வருவாள். ஆமினாபி வந்து போன பிறகு வரவில்லை.

அங்கே அம்பிளி என்று ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். பையன்னூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். இசையை வைத்து வைத்தியம் செய்கிற படிப்புப் படித்தவள். சாமிக்குட்டியை உட்கார வைத்து அவள் சொன்னது இதுதான்: பேச்சு மூளையின் இடது பக்கத்தை நம்பி இருக்கிறது. ஆலிக்காவைப் பக்கவாதம் தாக்கியதும் அங்கேதான். பாட்டுக்கு வலது பக்கமும் கை கொடுக்கும். அதனால் பேச முடியாத சிலரால் பாட முடியும். பாட்டில் வரும் சொல்லை மெல்ல மெல்லப் பேச்சுக்கு இழுத்து வரலாம். எல்லாருக்கும் நடக்காது, நடந்தாலும் நாளாகும்.

"பாட்டா?" என்று சாமிக்குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மோளே, இந்தக் கோழிக்கோட்டுல பழைய ஹிந்திப் பாட்டு பாடத் தெரியாத ஒரே ஆளு இவருதான். இவரு குளிக்கும்போது முணுமுணுத்தா பக்கத்து வீட்டு ஆடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடும்."

ஆலிக்கோயா முறைத்தார். ஆனால் அது உண்மைதான். அம்பிளி ஆர்மோனியத்தில் எதையெதையோ வாசித்துப் பார்த்தாள். கல்யாண வீட்டுப் பாட்டு, படகுக்காரர் பாட்டு, ஊர் மொத்தமும் தூக்கத்தில்கூடப் பாடும் சினிமாப் பாட்டு. ஆலிக்கோயா கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டாம் தடவை வந்தபோதும் அதே கதை. மூன்றாம் தடவை, எழுந்து போகலாம் என்று சாமிக்குட்டியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அம்பிளி ஆர்மோனியத்தை மூடினாள். "ஒண்ணு கேக்கட்டுமா சாமியேட்டா? இவரு ஜீப்புல எப்படி அறிவிப்பாரு? சும்மா வாசிக்கற மாதிரியா, இழுத்தா?"

"வாசிக்கறதா? நல்லாக் கேட்டே! இருபது வருஷமா இந்தக் காதுல விழுந்தது மோளே." சாமிக்குட்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். கையை மைக்போல வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டார். "அன்பாஆன... கால்பந்து ரசிகர்களேஏ... இன்று மாலைஐ... அரீக்கோடு மைதானத்தில்..."

ஏறி, நின்று, கடைசியில் இறங்கும் மெட்டு. அம்பிளி உடனே ஆர்மோனியத்தைத் திறந்து அந்த இரண்டு மூன்று சுரத்தையும் பிடித்தாள். "இன்னொரு தடவை." சாமிக்குட்டி மறுபடி சொன்னார். அவள் ஆலிக்கோயாவின் இடது கையை எடுத்து மேசைமேல் வைத்து, அசைக்கு ஒரு தட்டாகத் தட்டினாள். மூன்றாம் முறை சொல்லும்போது சாமிக்குட்டிக்கு வரிசை தவறிவிட்டது. "இன்று மாலை... இன்று மாலை எங்கே... அட, என்னவோ..."

"அரீக்கோடு மைதானத்தில்" என்றது ஒரு குரல்.

கரகரத்து, பாதி காற்றாக வந்த குரல். சாமிக்குட்டி திரும்பிப் பார்த்தார். ஆலிக்கோயாவே யார் சொன்னது என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பிளி தட்டுவதை நிறுத்தவில்லை. "அன்பான..." என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் வாய் தானாகப் போனது. "கால்பந்து... ரசிகர்களேஏ... இன்று மாலைஐ..." முழுதும் வந்தது. சொற்கள் கொஞ்சம் குழைந்திருந்தன, ஆனால் சொற்கள்தான்.

சாமிக்குட்டி வெளியே போய் ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடி அழுதார். உள்ளே ஆலிக்கோயா திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போனதும், மறியம்பி முகம் மழிக்கத் தண்ணீர் கொண்டுவந்தபோது தாடையை நீட்டிக் கொடுத்தார்.

அம்பிளி ஆளனுப்பி மறியம்பியை வரவழைத்தாள். "வீட்டுல தினமும் கூட உக்கார ஒருத்தர் வேணும் இத்தா. வாரத்துல ரெண்டு நாள் இங்க வந்தா மட்டும் பத்தாது."

"பெருநாளுக்கப்புறம் அக்கா வீட்டுக்குப் போறாரு. அங்கயே யாரையாவது உக்காரச் சொல்லுங்க" என்றாள் மறியம்பி.

"ஆலிக்காவே சொன்னாரா?"

"அவர் வாயாலதான் சொன்னாரு. ஆமான்னு. அதுவும் ஒரு தடவையா?"

அம்பிளி ஆலிக்கோயாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆலிக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க பேரு சாமிக்குட்டியா?"

"ஆமா" என்றார் ஆலிக்கோயா. தலை ஆடியது.

"நீங்க பொம்பளையா?"

"ஆமா."

"நேத்து ராத்திரி ஒரு யானைய முழுசா சாப்பிட்டீங்களா?"

"ஆமா."

மறியம்பிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தலைத்துணியின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நின்றாள். கஞ்சி, ஃபேன், தூக்கம் எல்லாம் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பையிலிருந்து அவர் இழுத்துப் போட்ட நீலச் சட்டையும் வந்திருக்க வேண்டும். கணவனைப் பார்த்தாள். ஆலிக்கோயாவின் கண்கள் நிறைந்து வழிந்தன.

"அப்போ போகப் பிடிக்கலியா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றார் அவர். அது எந்த ஆமா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாமிக்குட்டி சொன்னார்: "இதுல யோசிக்க என்ன இருக்கு இத்தா? ஆமினாபி இத்தாத்தாகிட்ட விஷயத்தைச் சொல்லி நிறுத்திடலாம்."

மறியம்பி மறுத்துவிட்டாள். "இல்ல சாமி. எனக்கு அவரு இங்க இருக்கணும்னு இருக்கு. அதனால அவரு சொன்ன ஆமாவ இல்லைன்னு நான் அர்த்தம் பண்ணிக்கிட்டா அது நியாயமா? எனக்கு முட்டி வலி, கோவம் வந்தா கத்தறேன். அங்க நாலு பசங்க ராஜா மாதிரிப் பாத்துப்பானுங்க. ஒருவேளை நெஜமாவே போகணும்னு இருந்தா? அவரே சொல்லட்டும். சொல்ற வரைக்கும் நான் கூட உக்காந்து பாடறேன். அத்தோட என் வேலை முடிஞ்சுது."

அதைக் கேட்டுக்கொண்டு புதியாப்பிள அறையில் ஆலிக்கோயா படுத்திருந்தார். இத்தனை வருஷம் ஓயாமல் பேசியிருக்கிறோம், உன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று இவளிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

மறுநாள் முதல் பாடம் தொடங்கியது. அம்பிளி முதலில் கொடுத்த சொல் 'வேண்டாம்'. ஜீப் மெட்டிலிருந்தே இரண்டு சுரம். 'வேண்' மேலே, 'டாம்' கீழே. முதலில் மறியம்பி சொல் இல்லாமல் மெட்டை மட்டும் முனக வேண்டும், அவர் கையைத் தட்டிக்கொண்டே. பிறகு இருவரும் சேர்ந்து பாட வேண்டும். பிறகு அவள் பாதியில் நிறுத்திவிட வேண்டும், அவர் முடிக்க வேண்டும். அடுப்பில் சோறு கொதிக்கும்போது, துணி மடிக்கும்போது, சாயங்கால அசர் தொழுகை முடிந்து வரும்போது என்று நேரம் காலம் இல்லாமல் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன மறியம்பித்தா, வயசான காலத்துல டூயட்டா?" என்று கேலி செய்தார்கள். "நீயும் உன் மாப்பிள்ளைகூடப் பாடிப் பாரு, அப்பத் தெரியும் கஷ்டம்" என்றாள் இவள்.

கஷ்டம்தான். 'வேண்' வரும், 'டாம்' வராது. சில நாள் இரண்டும் வராமல் ஆமா மட்டும் வரிசையாக வரும். ஒரு நாள் ஆலிக்கோயா கோபத்தில் டம்ளரைத் தட்டிவிட்டார். மறியம்பி அதை எடுத்து வைத்துவிட்டு, "சரி, இன்னிக்கு நான் மட்டும் பாடறேன், நீங்க கேளுங்க" என்று அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, சொல்லே இல்லாமல் அந்த மெட்டை முனகிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு சீரானது. அவளுடையதும்தான். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தான் நிம்மதியாகக் கண்ணயர்ந்ததாக அவள் அம்பிளியிடம் சொன்னாள்.

அதற்கடுத்த ஒரு காலை, கிண்ணத்தை நீட்டி வழக்கம்போல, "கஞ்சி?" என்றாள். ஆலிக்கோயா கிண்ணத்தைப் பார்த்தார். இடது கை கட்டில் சட்டத்தில் தட்டியது.

"கஞ்சி... வேஏண்டாம்."

மறியம்பி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், நாலைந்து பத்திரி சுட்டுத் தேங்காய்ப்பாலில் நனைத்து எடுத்து வந்தாள். அவர் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தின்றார்.

அதில் வேறொரு வம்பு வந்து சேர்ந்தது. புதிதாகக் கிடைத்த சொல்லை அவரால் விட முடியவில்லை. குளிக்கிறீர்களா, வேண்டாம். மாத்திரை, வேண்டாம். பேத்தி ஓடிவந்து முத்தம் கொடுக்க முகத்தை நீட்டினாலும் வேண்டாம். பிள்ளை உடனே அழுதது. மூத்த மகன், "இதுக்கு ஆமாவே தேவலாம் போலிருக்கே உம்மா" என்றான். அம்பிளி சிரித்தாள். "பயப்படாதீங்க. பேச்சு தடுமாறித்தான் நிக்கும்" என்றாள். தண்ணி வேணும், வலிக்குது, உக்காரு என்று மேலும் சில சொற்களைக் கொடுத்தாள். 'உக்காரு' என்ற சொல்லை முதல் முறை சரியாகப் பாடிய அன்று, அவர் மறியம்பியைப் பார்த்துக் கட்டிலின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெருநாள் வந்தது, போனது. ஆமினாபி காரோடு வந்தாள். கூடவே அவள் வீட்டு எளந்தாரிகளில் ஒருவன், ஆலிக்கோயாவுக்கு மருமகன் முறை. புதியாப்பிளையின் வீட்டாருக்கு உரிய மரியாதையாக எல்லாருக்கும் சுலைமானியும் பலகாரமும் வந்தன. பை தயாராக வாசலில் இருந்தது. சாமிக்குட்டியும் வந்து, கூப்பிடாத விருந்தாளிபோல ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"என்னடா ஆலி, கிளம்பலாமா?"

மறியம்பி சமையல்கட்டு வாசலில் நின்றாள். ஒரு சொல்லும் எடுத்துக் கொடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆலிக்கோயா எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். இத்தனை பேர் பார்க்கிறார்கள். அவசரத்தில் வாய் பழைய வழியில் ஓடிவிட்டது.

"ஆமா."

மருமகன் பையைத் தூக்கினான். ஆமினாபி எழுந்தாள். ஆலிக்கோயா கண்ணை மூடினார். இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டினார். "வேஏண்டாம்" என்றார்.

ஆமினாபி நின்றாள். அவளுக்கும் விஷயம் காதில் விழுந்துதான் இருந்தது. "இப்பத்தான் ஆமான்னே, இப்ப வேண்டாங்கற. முத்தம் குடுக்க வந்த புள்ளைகிட்டயும் வேண்டாம்னியாமே. இதுல எதைடா நான் எடுத்துக்கறது?" என்றாள். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவரருகில் குனிந்து அவர் முகத்தைத் தடவினாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஆலிக்கோயாவின் கை தட்டுவதை நிறுத்தவில்லை. சொல்ல வேண்டியது அவருக்குத் தெரியும். அதற்குப் பயிற்சி எடுக்கவில்லை, அதுதான் சிக்கல். இருப்பதெல்லாம் ஏழெட்டுச் சொல். அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது. மூச்சை இழுத்தார்.

"அன்பாஆன... கால்பந்து ரசிகர்களேஏ..."

"யா அல்லாஹ்" என்றாள் ஆமினாபி. மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். சாமிக்குட்டி மட்டும் ஓரடி முன்னால் வந்தார்.

"இன்று மாலைஐ..." ஆலிக்கோயா நின்றார். இந்த இடத்தில் மைதானத்தின் பெயர் வர வேண்டும். இருபது வருஷம் எத்தனையோ ஊர்ப் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்ட இடம். அரீக்கோடு வந்து நாக்கின் நுனியில் நின்றது. அதைத் தள்ளிவிட்டார். நெற்றியில் நரம்பு புடைத்தது. கை தட்டியது, மறுபடி தட்டியது.

"மறியம்பி... வீட்டில்."

அவர் மெட்டில் மறுபடி மேலே ஏறினார். இப்போது குரலில் பழைய கனத்தில் கொஞ்சம் இருந்தது.

"நாளை மாலைஐ... மறியம்பி வீட்டில்."

மூச்சு வாங்கியது. அக்காவின் முகத்தைப் பார்த்தார், புரிந்ததா என்று. போதாது என்று நினைத்தாரோ என்னவோ, மூன்றாம் தடவையும் தொடங்கினார். "நாளை மறுநாள்..."

"போதும்டா, போதும்!" ஆமினாபி அழுதுகொண்டே சிரித்தாள். அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். "புரிஞ்சுது. ஊருக்கெல்லாம் அறிவிச்சுடாதே. பொண்டாட்டி வீட்ட விட்டு வரமாட்டேன்னு மைக் வெச்சுச் சொல்ற மொத ஆம்பளை நீதான்."

பிறகு மறியம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் இல்லை. உள்ளே சட்டி அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது. மறியம்பியின் குரல் வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடித்து: "காருக்காரர காத்திருக்க வேண்டாம்னு சொல்லிடுங்க இத்தாத்தா. நல்ல மத்தி வந்திருக்கு. எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

அதற்குப் பிறகு ஆமினாபி தன் வீட்டுப் பையன்களில் ஒருவனைத் தினமும் காலையில் அனுப்பினாள், ஆலிக்கோயாவை எழுப்பிக் குளிப்பாட்ட. "தூக்க ஆளில்லாததுதானே பிரச்சனை? ஆள் இங்க வரட்டும்" என்றாள். இது ஏன் முதலிலேயே யாருக்கும் தோன்றவில்லை என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். மறியம்பியின் முட்டிக்கு எண்ணெய் தேய்க்க நேரம் கிடைத்தது.

ஆலிக்கோயாவுக்குப் பழைய பேச்சு திரும்பவில்லை. இனி மைக் பிடிக்க முடியாது என்று அம்பிளி மறைக்காமல் சொன்னாள். அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சாமிக்குட்டியோடு ஆட்டம் பார்க்கப் போனார். அங்கே வேறொருவன் வர்ணனை சொன்னான். "மோசம்" என்று இரண்டு சுரத்தில் பாடினார் ஆலிக்கோயா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சொற்கள் ஒன்றிரண்டாகச் சேர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் பாட்டாகத்தான். வீட்டில் சண்டையும் அப்படித்தான் நடந்தது. அவர் மெட்டில் குறை சொல்வார். அவளும் பழக்கத்தில் அதே மெட்டில் திட்டுவாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். சனிக்கிழமைகளில் பண்டகசாலையில் அவரைப்போல விழுந்த ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து தட்டுவார்கள். கூட வந்த மனைவிமாரும் கணவன்மாரும் பின்னால் உட்கார்ந்து பாடுவார்கள். அவர்களுக்கும் அது ஒரு மருந்துதான் என்று அம்பிளி சொல்வாள்.

மழைக்காலம் பிறந்த புதிதில் ஒரு மத்தியானம், மறியம்பி சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஆலிக்கோயா முன்கட்டில் நாற்காலியில் இருந்தார். வெளியே கொடியில் துணி காய்ந்தது.

"மறியம்பி, மழை" என்று குரல் கேட்டது.

அவள் துருவலை அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். படபடவென்று தூறல் விழத் தொடங்கியிருந்தது. சட்டை, துண்டு, விரிப்பு எல்லாவற்றையும் கொடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்து, வாசற்படி ஏறி மூச்சு வாங்கினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் தட்டவில்லை. இழுக்கவில்லை. எந்த மெட்டும் இல்லை. எல்லா வீட்டிலும் எல்லா மனிதர்களும் சொல்வதைப்போல வெறுமனே சொல்லியிருக்கிறார்.

ஆலிக்கோயா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. முற்றத்தில் விழும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறியம்பி துணிகளை மடியில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மறுபடி ஏதாவது சொல்வாரா என்று காத்திருந்தாள்.